விருது விழாவுக்கு இசை: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

மேடைவாசல்:
வணக்கம் நண்பர்களே. எங்கள் அமைப்பின் ஆண்டு விருது விழாவில் இசைப் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. மொத்தம் 24 விருதுகள். அரங்கில் 400 பேர் வரை உட்காரலாம். ஆட்கள் வந்து அமரும் நேரம், சிறப்பு விருந்தினர் மேடையேறுவது, விருது பெறுபவர் ஒவ்வொருவரும் நடந்து வருவது, நடுவில் சில குறும்படங்கள், முடிந்து கலையும் நேரம் என்று எல்லா இடத்துக்கும் இசை கேட்கிறார்கள். இணையத்தில் நேரலையும் உண்டு.

குழுவில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவருக்குப் பிரம்மாண்டமாக, அரங்கமே அதிர வேண்டும். இன்னொருவர் எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகளின் வாத்திய வடிவம் போதும் என்கிறார். தலைவர் "மெதுவா, நல்லதா ஏதாவது போடுங்க" என்று சொல்லிவிட்டார். பிடித்ததையெல்லாம் சேர்த்து ஒரு ஃபோல்டர் நிறைய வைத்திருக்கிறேன். கேட்கும்போது எல்லாமே நன்றாக இருக்கிறது. விழாவில் எது எடுபடும் என்றுதான் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒலிக்கலவை:
அந்த ஃபோல்டரை இப்போதைக்குத் திறக்காதீர்கள். முதலில் நிகழ்ச்சி நிரலை எடுத்து, யாருமே பேசாத இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். இசைக்கு வேலை அங்கேதான். ஒவ்வொரு வட்டத்துக்கும் பக்கத்தில் எத்தனை நொடி என்று எழுதுங்கள். ஊகமாக வேண்டாம். அரங்குக்கே போய்க் கடைசி வரிசையிலிருந்து மேடை வரை நடந்து பாருங்கள்.

சாதாரணமாக ஒருவர் நடக்கும் வேகம் நொடிக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். 30 மீட்டர் தூரம் என்றால் 25 நொடி வரை ஆகும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக் குலுக்குவது, வரிசையை விட்டு வெளியே வருவது, படி ஏறுவது எல்லாம் சேர்த்தால் 40 நொடி. முன்வரிசையில் இருப்பவருக்கு அதே வேலை 12 நொடியில் முடிந்துவிடும். ஆக, உங்கள் நடை இசை 12 நொடியில் நிறுத்தினாலும் நிறைவாக இருக்க வேண்டும், 40 நொடி ஓடினாலும் அலுக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையிலேயே ஃபோல்டரில் முக்கால்வாசி உதிர்ந்துவிடும்.

பட முன்னோட்டங்களுக்கென்று செய்யப்படும் பிரம்மாண்ட இசையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் ஒற்றைப் பியானோ, அப்புறம் மெல்ல வயலின்கள், ஒரு நிமிடம் கழித்துத்தான் முரசு. முரசு விழும்போது விருதாளர் மைக் முன்னால் நின்று நன்றி சொல்லிக்கொண்டிருப்பார். நடை இசை என்றால் முதல் நொடியிலேயே உயிர் இருக்க வேண்டும்.

காட்சிஓட்டம்:
மேடை மேலாளராக வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். இசையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தொகுப்புரையைச் சரிசெய்யுங்கள். நம் தொகுப்பாளர்கள் வழக்கமாக எப்படிச் சொல்கிறார்கள்? "இந்த விருதைப் பெற்றுக்கொள்ள இன்னாரை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்." பெயர் வந்த உடனேயே கைதட்டல் தொடங்கிவிடும். மீதி மூன்று சொற்கள் அதில் மூழ்கிப்போகும். இசை போடுபவர் பெயரில் அழுத்துவதா, 'அழைக்கிறோம்' முடியட்டும் என்று காத்திருப்பதா என்று தெரியாமல் விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வாக்கியத்தைத் திருப்புங்கள். "இந்த ஆண்டின் சிறந்த ஆய்வுக்கான விருதைப் பெறுபவர்..." என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டுப் பெயர். பெயரோடு பேச்சு முடிய வேண்டும். பெயரின் கடைசி எழுத்தில் இசை விழ வேண்டும். கைதட்டலும் இசையும் ஒன்றாக எழும்போது கிடைக்கும் விறுவிறுப்பை எந்தப் பெரிய இசைக்குழுவும் தனியாகக் கொடுத்துவிட முடியாது. சாதாரணமான ஒரு மெட்டுகூட அந்த இடத்தில் பிரமாதமாகக் கேட்கும்.

மேடைவாசல்:
தொகுப்புரை இன்னும் எழுதி முடிக்கவில்லை, நல்ல வேளை. இப்போதே மாற்றச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சந்தேகம். 24 பேருக்கும் ஒரே இசையா, ஆளுக்கொன்றா? ஒவ்வொருவருக்கும் அவர் துறைக்கு ஏற்ற பாட்டு போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது.

வீணைவழி:
அதைச் செய்யாதீர்கள். 24 பாட்டு போட்டால் அரங்கத்தின் கவனம் பாட்டுக்குப் போய்விடும். "அவருக்கு மட்டும் ஏன் அவ்வளவு நல்ல பாட்டு" என்ற பேச்சு நிச்சயம் வரும். வரிகள் தெரிந்த பாட்டாக இருந்தால் இன்னும் சங்கடம். வாத்தியத்தில் வாசித்தாலும் கேட்பவர் மனதில் வரிகள் ஓடும், அந்த வரிகள் மேடையேறுபவருக்குப் பொருந்துகின்றனவா என்று யார் பார்த்தார்கள்? காதல் தோல்விப் பாட்டின் மெட்டு ஒலிக்க ஒரு பெரியவர் வாழ்நாள் விருது வாங்க வருவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதற்காக ஒரே 10 நொடித் துண்டை 24 முறை போட்டாலும் தாங்காது. நடுவழி ஒன்று இருக்கிறது. ஒரே கருப்பொருள் மெட்டு, அதற்கு நான்கைந்து உடைகள். முதல் பிரிவு விருதுகளுக்குத் தந்தி வாத்தியங்கள், அடுத்த பிரிவுக்குப் புல்லாங்குழலும் தாளமும், இப்படியே போய்க் கடைசிப் பெரிய விருதுக்கு எல்லா வாத்தியமும் சேர்ந்து. அந்த மெட்டு விழா முடிவதற்குள் கேட்பவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர் நடக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 120 அடி வைக்கிறோம். அணிவகுப்பு இசையின் வேகம் நிமிடத்துக்கு 120 தாளத்தட்டை ஒட்டி இருப்பதற்குக் காரணமும் அதுதான். உங்கள் இசை 100க்கும் 116க்கும் நடுவில் இருந்தால் யார் நடந்தாலும் அந்த நடை நிதானமாகத் தெரியும். 140 தாண்டிய துள்ளல் இசையைப் போட்டுப் பாருங்கள். எழுபது வயதுக்காரர் வழக்கம்போல நடந்து வருவதே தள்ளாடி வருவதுபோல ஆகிவிடும். இசையின் வேகம் அவரை அவசரப்படுத்துகிறது, அவரால் அவசரப்பட முடியாது. பார்க்கவே மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இன்னொன்று, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மெட்டாக இருக்க வேண்டும். மோகன ராகத்தை யோசித்துப் பாருங்கள். ச ரி க ப த, ஐந்தே சுரங்கள், பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே அரைச்சுர இடைவெளியே இல்லை. அதனால் எந்தச் சுரத்தில் ஒலியைக் குறைத்தாலும் அறுந்ததுபோல உறுத்தாது. இதுவே சங்கராபரண ராகத்தில் மேல் 'நி'யில் நின்றுவிட்டால் காது அடுத்த 'ச'வைத் தேடிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பேசத் தொடங்கிய பிறகும் தேடும். ஐந்து சுர மெட்டுகள் உலகின் பல இசை மரபுகளிலும் இருப்பதால், கர்நாடக இசை தெரியாதவருக்கும் அது அந்நியமாகப் படாது.

தாளக்கட்டு:
எல்லோரும் மென்மைக்கே ஓட்டுப் போடுகிறீர்கள். நான் பிரம்மாண்டக் கட்சி. உழைத்து விருது வாங்குபவருக்கு வாழ்க்கையில் ஒரு முறை கிடைக்கும் நடை அது. முரசும் எக்காளமும் முழங்கினால் என்ன குறைந்துவிடும்? மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைத் தூக்கி நிறுத்த இசையால்தான் முடியும். ஓட்டல் வரவேற்பறையில் ஒலிக்கும் பியானோவைப் போட்டு விழா நடத்தினால் பத்தாவது விருதிலேயே பாதிப்பேர் கைபேசிக்குள் போய்விடுவார்கள்.

வீணைவழி:
தம்பி, முரசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 24 முறை வேண்டாம் என்கிறேன். முதல் விருதுக்கே உச்சத்தைத் தொட்டுவிட்டால் வாழ்நாள் சாதனையாளர் வரும்போது கையில் என்ன மிச்சம் இருக்கும்?

தாளக்கட்டு:
சரி, அது நியாயம்தான். அப்படியானால் தொடக்கத்துக்கும் கடைசி மூன்று விருதுகளுக்கும் முழு முழக்கம். நடுவில் தாளம் இருக்கட்டும், ஆனால் சின்னதாக. வெறும் வயலின் நீட்டல் மட்டும் கூடாது என்பதில் நான் உறுதி. நடையைத் தாங்கிப் பிடிக்க ஒரு அடி கேட்க வேண்டும்.

ஒலிக்கலவை:
தாளக்கட்டு சொல்வதில் எனக்கும் உடன்பாடு. மெல்லிய தாளமாவது இல்லாத இசை கைதட்டலுக்குள் காணாமல் போய்விடும். தட்டல் ஓசை எல்லா அதிர்வெண்ணிலும் பரவிய இரைச்சல். அதைத் தாண்டிக் கேட்பது கீழ்ச்சுரமும் தாளமும்தான்.

நிழற்குடை:
நான் மாறான ஒரு கருத்தை வைக்கிறேன். இரண்டு காதிலும் கேட்புக் கருவி போட்டிருப்பவன். விழாக்களில் எனக்குப் பெரிய எதிரி பேச்சுக்கு அடியில் ஓடும் இசை. விருதாளர் என்ன சாதித்தார் என்று ஒருவர் வாசிக்கிறார், அடியில் பியானோ உருகுகிறது. மற்றவர்களுக்கு அது அழகு. எனக்கு இரண்டும் கலந்து ஒரு சொல்லும் பிடிபடாது. கருவி பேச்சையும் பெருக்கும், பியானோவையும் பெருக்கும். வயதான பார்வையாளர்கள் பலருக்கும் இதே நிலைதான், வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இணைய உள்ளடக்கத்துக்கான டபிள்யூசிஏஜி அணுகல் வழிகாட்டியில் இதற்கு ஓர் அளவே இருக்கிறது. பேச்சோடு வரும் பின்னணி ஓசை பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது பின்னணி இல்லாமலே இருக்க வேண்டும் என்கிறது. அதன் மிக உயர்ந்த நிலைக்கான நிபந்தனை அது, ஆனாலும் உங்கள் நேரலைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நடைக்கு இசை வேண்டுமா என்பதே என் கேள்வி. கைதட்டல் போதாதா? நோபல் பரிசளிப்பு விழாவில் ஸ்டாக்ஹோம் அரச ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கிறது. அங்கே உரைகளுக்கு நடுவே இசைக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேச்சு பேச்சாக, இசை இசையாக.

ஒலிக்கலவை:
ஐயா, பேச்சுக்கு அடியில் இசை கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மேடைவாசல், இதை உங்கள் குழுவில் விதியாகவே வையுங்கள். தகுதியுரை வாசிக்கும்போது இசை இல்லை. நன்றியுரையின்போது இசை இல்லை. தலைவர் கட்டாயம் வேண்டும் என்று நின்றால், மெட்டே இல்லாத நீண்ட சுருதி ஒன்றை வைத்து, 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை ஈக்வலைசரில் (அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) நன்றாகக் குறைத்து, 20 டெசிபல் கீழே ஓட்டுங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது, இசை அதைத் தொடக் கூடாது.

நடைக்கு மட்டும் நான் இசையின் பக்கம். காரணம் உண்டு. முதல் சில விருதுகளுக்குக் கூட்டம் மேடை வரை தட்டும். பதினைந்தாவது விருதுக்குக் கைகள் களைத்துவிடும், அவர் நடுவழியில் இருக்கும்போதே தட்டல் ஓய்ந்துவிடும். மீதித் தூரத்தைச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க அவர் நடக்க வேண்டும். முதல் விருதாளருக்கும் பதினைந்தாமவருக்கும் கிடைக்கும் வரவேற்பில் இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. இசை அந்த இடைவெளியைத் தாங்கும். கைதட்டல் இருக்கும்போது அதற்குக் கீழே ஓடி, அது ஓயும்போது மெல்ல மேலே வந்து, அவர் மைக்கை நெருங்கும்போது இரண்டு மூன்று நொடியில் கரைய வேண்டும். கையால் கரைக்க வேண்டும். கண் அவர்மேல் இருக்க வேண்டும், கடிகாரத்தின்மேல் வேண்டாம்.

நிழற்குடை:
பதினைந்தாமவர் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. பேச்சுக்கு அடியில் இசை இல்லை என்ற விதி நின்றால் எனக்கு வேறு ஆட்சேபம் இல்லை.

ஒளிபரப்பாளன்:
நேரலை என்று சொல்லியிருக்கிறீர்கள். உரிமம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஓர் இசையில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. சினிமாப் பாட்டின் வாத்திய வடிவத்தை வேறொருவர் வாசித்திருந்தாலும் மெட்டு அதன் உரிமையாளருக்கே சொந்தம். "பாடல் இல்லை, இசை மட்டும்தானே" என்ற வாதம் எங்கும் நிற்காது.

அப்புறம், பயன்படுத்தும் இடம். அரங்கில் ஒலிக்க வைப்பது பொது நிகழ்த்துகை. அரங்க நிர்வாகமே அதற்கு உரிமம் வைத்திருக்கலாம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆனால் அது அரங்கின் சுவரோடு முடிந்துவிடும். அதே இசை நேரலையிலும் பின்னால் பதிவேற்றும் காணொளியிலும் போவதற்குத் தனி அனுமதி வேண்டும். படத்தோடு இசையைச் சேர்ப்பது வேறு வகை உரிமை.

யூடியூபில் நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே உரிமையுள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி அமைப்பு கவனித்துக்கொண்டிருக்கும். உரிமையுள்ள இசை கேட்டால் உங்கள் படத்துக்குப் பதிலாக வெறும் நிலைப்படம் வரலாம், தொடர்ந்தால் நேரலையே நிற்கலாம். ஒருவர் விருது வாங்கும் நேரத்தில் வெளியூரிலிருந்து பார்க்கும் அவர் குடும்பத்துக்குத் திரை நின்றுபோனால் அதைத் திரும்பக் கொடுக்க முடியாது.

பழைய மேதைகளின் இசை இலவசம்தானே என்று கேட்பார்கள். மெட்டு இலவசமாக இருக்கலாம். இசையமைப்பாளர் இறந்து சில நாடுகளில் 60, பல நாடுகளில் 70 ஆண்டுகள் கடந்தால் பொதுவுடைமை. ஆனால் போன வருடம் ஓர் இசைக்குழு அதை வாசித்துப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு அவர்களுடையது.

படைப்பாளிகளே சில நிபந்தனைகளோடு பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களிலும் கவனம். பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை உங்களுக்குச் சரி. மாற்றம் செய்யக் கூடாது என்ற வகையைக் காணொளியோடு சேர்க்க முடியாது. படத்தோடு இசையை இணைப்பதையே அந்த உரிமம் மாற்றமாகக் கருதுகிறது. வணிக நோக்கம் கூடாது என்ற வகையும், விளம்பரதாரர் இருக்கும் விழாவில் சிக்கலைக் கொண்டுவரும். 'ராயல்ட்டி ஃப்ரீ' என்று விற்கும் நூலகங்களில் ஒரு முறை பணம் கட்டி எடுப்பது நல்ல வழி. இலவசம் என்று அர்த்தமில்லை, திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம் என்றுதான் அர்த்தம். ரசீதையும் உரிமச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள். உங்கள் சேனலை அந்த நூலகத்தில் பதிவு செய்யும் வசதி இருந்தால் விழாவுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. தேர்ந்தெடுத்த இசை எல்லாவற்றையும் வெற்றுத் திரையோடு ஒரே காணொளியாக்கி, யாருக்கும் தெரியாதபடி தனிப்பட்டதாகப் பதிவேற்றுங்கள். எதற்கு உரிமைக் கோரிக்கை வருகிறது என்று அங்கேயே காட்டிவிடும். அது பச்சை காட்டினால் உரிமம் வாங்கியாகிவிட்டது என்று பொருளில்லை, ஆனால் நேரலையில் வரும் அதிர்ச்சி ஒன்று குறையும்.

மேடைவாசல்:
சினிமா யோசனையை இன்றே முடித்துவைக்கிறேன். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகள் இசையமைக்கிறார். அவரிடமே ஒரு மெட்டு கேட்டு வாங்கலாமா? கேட்பதானால் எப்படிக் கேட்பது?

வீணைவழி:
தாராளமாக. ஆனால் "நல்லதா ஒரு மியூசிக் போட்டுக் கொடும்மா" என்று கேட்காதீர்கள். அவருக்கு என்ன தேவையென்று எப்படித் தெரியும்? இப்படிக் கேளுங்கள்: பெயர் அறிவித்ததும் விழும் 5 நொடி முழக்கம். அதிலிருந்து வழுக்கிக்கொண்டு போகும், ஒட்டுத் தெரியாமல் சுழலக்கூடிய ஒரு நிமிட நடை இசை. எங்கிருந்தும் தாவக்கூடிய ஒரு முடிவு. இவை வாத்தியம் வாத்தியமாகத் தனித்தனிக் கோப்புகளாகவும் வேண்டும், அப்போதுதான் பிரிவுக்குப் பிரிவு உடையை மாற்ற முடியும்.

எந்தெந்த இடத்தில், எத்தனை ஆண்டு பயன்படுத்துவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஊதியம் கொடுங்கள். தெரிந்த பெண் என்பதற்காக இனாமாக வாங்க வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரைப் போடுங்கள். மற்றவர் உழைப்பைப் பாராட்டத்தானே விழா நடத்துகிறீர்கள்.

நீண்டு சுழலும் மெட்டுக்கு ஒரு நல்ல பாடம் வேண்டுமென்றால் ஆங்கில இசையமைப்பாளர் எல்கர் 1901இல் எழுதிய 'பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்' முதல் அணிவகுப்பு இசையின் நடுப்பகுதியைக் கேட்கச் சொல்லுங்கள். 1905இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்த விழாவில் அதை வாசித்தார்கள். அமெரிக்காவில் பட்டமளிப்பு என்றாலே அந்த மெட்டு என்று ஆகிவிட்டது. நிதானமான நடை, எத்தனை முறை திரும்ப வந்தாலும் சலிக்காத வரி, எத்தனை பேர் நடந்தாலும் நீட்டிக்கொள்ளலாம். அதேபோல, பழைய இசையமைப்பாளர் ஹாண்டெல் வெற்றிவீரனை வரவேற்று எழுதிய சேர்ந்திசை ஜப்பானில் பரிசளிப்பு என்றால் இன்றும் ஒலிக்கிறது, சுமோ போட்டிகளின் கடைசி நாள் உட்பட. இவற்றை நீங்கள் அப்படியே போட வேண்டும் என்பதில்லை. எது நூறாண்டு தாண்டி நிற்கிறது என்று அந்தப் பெண் கேட்டுப் பார்க்கட்டும்.

புதுவரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்களும் ஒரு சின்ன விழா நடத்துகிறோம். வரவேற்பு நேரத்துக்கு மட்டும் ஸ்பாட்டிஃபையில் ஒரு பட்டியலை ஓட்டிவிட்டால் போதாதா?

ஒலிக்கலவை:
வேண்டாம். அங்கே தனிநபர் கணக்கின் விதிமுறையே சொந்த, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்கிறது. அது தவிர இலவசக் கணக்கில் விளம்பரம் வரும், இணையம் தடைபட்டால் பாட்டும் நிற்கும்.

வரவேற்பு நேரத்துக்கு இன்னொரு குறிப்பு. கூட்டம் சேரச் சேர இரைச்சல் கூடும், உடனே இசையின் ஒலியை ஏற்றத் தோன்றும். ஏற்றாதீர்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தானாகவே குரலை உயர்த்திப் பேசுவார்கள். லம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விவரித்தது இது. நீங்கள் ஏற்ற அவர்கள் ஏற்ற, கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். அதுதான் அளவு. குரல் இல்லாத இசையாக இருக்கட்டும்.

விழா தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கொஞ்சம் வேகமான இசைக்கு மாறுங்கள், கூட்டம் தானாக இருக்கை தேடும். தொடங்கும் நேரத்தில் விளக்கும் இசையும் சேர்ந்து அணைந்து, மூன்று நொடி ஒன்றுமே கேட்கக் கூடாது. "அமைதி, அமைதி" என்று மைக்கில் கேட்க வேண்டிய அவசியமே வராது.

காட்சிஓட்டம்:
எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஓட்டுவதானால் சில விஷயங்கள். எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சின்னஞ்சிறு மௌனம் சேர்ந்துவிடும். சுழலும் இசையில் அது விக்கல் மாதிரி கேட்கும். வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோப்பையும் ஒரே எல்யூஎஃப்எஸ் அளவுக்கு (காதுக்குக் கேட்கும் ஒலிச்செறிவின் அலகு) கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு விருதுக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தேட வேண்டியிருக்கும். மேக் கணினி இருந்தால், மேடை நிகழ்ச்சிகளில் ஒலியை வரிசையாக ஓட்டும் கியூலேப் மென்பொருள் நல்லது. நிகழ்ச்சி வரிசையில் அடுக்கிவிட்டு ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் அடுத்தது. எஸ்கேப் அழுத்தினால் எல்லாமே கரைந்து நிற்கும். மற்றவர்கள் எந்த மென்பொருளை எடுத்தாலும் அறிவிப்பு ஒலிகளை அணைத்து, இணையத்தைத் துண்டித்து, இன்னொரு கணினியில் அதே வரிசையைத் தயாராக வையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து நேராக மிக்சருக்கு இழுத்தால் பெரும்பாலும் உறுமல் வரும். அந்த உறுமலைத் தடுக்கும் இணைப்புப் பெட்டியான டிஐ பாக்ஸ் ஒன்றை நடுவில் வைக்கக் கேட்டு வாங்குங்கள்.

மேடைவாசல்:
குறித்துக்கொண்டேன் அக்கா. ஒன்று கேட்கிறேன், குழுவில் இதற்குத்தான் பெரிய வாக்குவாதம். நன்றியுரை நீண்டால் இசையை எழுப்பி நிறுத்தச் சொல்கிறார் தலைவர். ஆஸ்கரில் அப்படித்தானே செய்கிறார்கள் என்கிறார்.

காட்சிஓட்டம்:
ஆஸ்கரில் நன்றியுரைக்கு 45 நொடி. தாண்டினால் இசைக்குழு தொடங்கும். அங்கே அது தொலைக்காட்சி நேரத்துக்குக் கட்டுப்பட்ட நிகழ்ச்சி, வருபவர்களில் பலர் பொதுமேடைக்குப் பழகியவர்கள், விதி முன்கூட்டியே தெரியும். அங்கேயே அதற்கு அடிக்கடி கண்டனம் வருகிறது. உங்கள் மேடையில் நிற்பவர் வாழ்நாளில் முதல் முறையாக மைக் பிடித்திருக்கலாம். அம்மாவின் பெயரைச் சொல்லித் தொண்டை அடைத்து நிற்கும் நொடியில் பின்னால் வயலின் கிளம்பினால், விருது கொடுத்த கையாலேயே அவரைப் பிடித்துத் தள்ளியதாகும்.

மேடையின் விளிம்பில், பேசுபவருக்கு மட்டும் தெரியும்படி ஒரு நேரங்காட்டி வையுங்கள். அழைப்புக் கடிதத்திலேயே ஒரு நிமிடம் என்று எழுதுங்கள். அப்படியும் நீண்டால் தொகுப்பாளர் இரண்டு அடி முன்னால் வந்து நிற்கட்டும், அவ்வளவு போதும்.

தாளக்கட்டு:
அப்படியானால் 24 பேரும் மூன்று மூன்று நிமிடம் பேசினால்? ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கடைசியில் விருது வாங்குபவர் பாதி காலியான அரங்கில் வாங்குவார். அவருக்கு மட்டும் மரியாதை வேண்டாமா?

காட்சிஓட்டம்:
சரியான கேள்வி. அதற்கு இசையிடம் பதில் இல்லை, நிரலிடம்தான் இருக்கிறது. 24 பேருக்கும் நன்றியுரை கொடுக்காதீர்கள். பிரிவுக்கு ஒருவர் பேசட்டும். மற்றவர்களின் நன்றியை முன்கூட்டியே 20 நொடிக் காணொளியாக எடுத்து, அவர்கள் நடந்து வந்து விருது வாங்கிப் புகைப்படம் எடுத்த பின் திரையில் போடுங்கள். யாரும் யாரையும் நிறுத்த வேண்டியிருக்காது.

தாளக்கட்டு:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

நிழற்குடை:
காணொளியில் எழுத்து வசனம் சேருங்கள், என்னைப் போன்றவர்களுக்காக.

மேடைவாசல்:
நிச்சயம் சேர்க்கிறோம் ஐயா. இன்னும் ஒன்று. விருதுகளில் ஒன்று மறைந்த ஒருவருக்கு. அவர் மனைவி வாங்க வருகிறார். அங்கேயும் அதே நடை இசையா?

வீணைவழி:
அந்த அம்மாவிடம் முன்னதாகவே கேளுங்கள். சிலர் கணவர் விரும்பிய ஒரு மெட்டைச் சொல்வார்கள், சிலர் எதுவும் வேண்டாம் என்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால், அதே கருப்பொருள் மெட்டு ஒற்றை வாத்தியத்தில், தாளமில்லாமல். சோக இசை என்று நூலகங்களில் கிடைப்பதைத் தொடாதீர்கள். அவர் துக்கத்தை நாம் மேடையில் நடித்துக் காட்டக் கூடாது. மற்றவர்களுக்கு ஒலித்த மெட்டே அவருக்கும் ஒலித்தால், அவர் கணவரும் அந்த வரிசையில் ஒருவர் என்பது இருக்கும்.

மேடைவாசல்:
எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். அந்தப் பெண் ஒரு மெட்டு செய்கிறார், மோகனத்தில்தான், 108 வேகத்தில். ஐந்து உடைகள். வரவேற்புக்கும் கலையும் நேரத்துக்கும் நூலகத்திலிருந்து உரிமத்தோடு வாங்குகிறோம். தகுதியுரைக்கு அடியில் இசை இல்லை, இதைத் தலைவரே ஏற்றுக்கொண்டார். நன்றியுரை பிரிவுக்கு ஒன்று.

அரங்கில் நடந்து பார்த்ததில் ஒரு சிக்கல் தெரிந்தது. விருதாளர் ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார். சாய்தளம் மேடைக்குப் பின்பக்கம் இருக்கிறது. சுற்றிக்கொண்டு வர ஒன்றரை நிமிடம் ஆகும், அதில் பாதி நேரம் அவர் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். அந்த நேரத்துக்குத் தனி இசை வைக்கலாமா?

காட்சிஓட்டம்:
தனி இசை வேண்டாம், அவரை மட்டும் வேறாகக் காட்டும். முதலில் அரங்க நிர்வாகத்திடம் முன்பக்கம் வைக்கக்கூடிய தற்காலிகச் சாய்தளம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அவருக்கு முந்தைய விருதின் காணொளி திரையில் ஓடும்போதே அவர் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் வந்துவிடட்டும். பெயர் சொன்னதும் அங்கிருந்து மேடைக்கு 10 நொடிதான். எது வசதி என்று அவரிடமே கேளுங்கள்.

மேடைவாசல்:
கேட்டேன் அக்கா. பார்வையாளர்கள் நடுவிலிருந்தே வர விரும்புகிறார். முன்பக்கச் சாய்தளத்துக்கு நிர்வாகமும் ஒப்புக்கொண்டது, ஆனால் சரிவு மெதுவாக இருக்க வேண்டும் என்பதால் 50 நொடி ஆகும். ஒரு நிமிடச் சுழல் போதும்தானே?

ஒலிக்கலவை:
போதும். ஒத்திகையில் அவரையும் ஒரு முறை வரச் சொல்லி, அதே இசையை ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால், சுழல் திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒட்டுக் கேட்கிறதா என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனியுங்கள். கேட்டால் அந்தப் பெண்ணிடம் ஒன்றரை நிமிடமாக நீட்டித் தரச் சொல்லுங்கள்.